வெர்டி கட்டிய வீட்டில் பாடப் போகிறோம்!

முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இந்தப் பாட்டை ஆயுள் முழுக்க மேடைகளில் பாடியவர். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர் இதே பாட்டுக்கு ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவர். மூன்றாவது வரிசை அம்மாளோ, இப்போது பாட வரப்போகும் பெண்ணின் ஆசிரியைக்கே ஆசிரியையாக இருந்திருக்கக்கூடிய வயது. இப்படி ஒரு சபையை எங்கே பார்க்க முடியும்? இத்தாலியில், மிலான் நகரத்தில், புவனரோத்தி சதுக்கத்தில், 29ஆம் எண் வாசலில்! அங்கேதான் நிற்கிறது காசா வெர்டி. வயதான இசைக் கலைஞர்களுக்காக ஓபரா மேதை ஜூசெப்பே வெர்டி தன் சொந்தப் பணத்தில் கட்டிய வீடு. 1902 அக்டோபர் 10ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளன்று, முதல் விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். இன்றும் அங்கே பாட்டு ஒலிக்கிறது.

அந்த வீட்டுக்குள், அதுவும் கச்சேரி நாளன்று, திரைக்குப் பின்னால் நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் தோழி சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடகி. மிலானில் பாட்டுப் படிக்கிறாள். அவளுக்குப் பியானோ வாசிப்பவருக்கு இசைத்தாள் புரட்ட ஒரு ஆள் வேண்டும் என்றாள். நான் வருகிறேன், நான் வருகிறேன் என்று குதித்தேன். தாள் புரட்டுவதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பியானோக்காரரின் இடது பக்கம், கொஞ்சம் பின்தள்ளி உட்கார வேண்டும். அவர் தலையை லேசாக அசைத்ததும் சத்தமில்லாமல் எழுந்து, இடது கையால் வலது தாளின் மேல் மூலையைப் பிடித்து, அவர் பார்வையை மறைக்காமல் ஒரே வீச்சில் புரட்ட வேண்டும். மேடையிலேயே இருக்கலாம், எல்லா முகங்களையும் பார்க்கலாம், யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல இடம் உண்டா!

கிளம்புமுன் உடை பற்றி ஒரு கட்டளை வந்தது: ஊதா கூடவே கூடாது. இத்தாலிய நாடக மேடைகளில் ஊதா அபசகுனம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தேவாலயங்கள் ஊதா அணியும். அந்த நாற்பது நாளும் அந்தக் காலத்தில் அரங்குகள் பூட்டிக் கிடக்கும், கலைஞர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இன்னொன்று, வெர்டி 1862இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றிய ஓபரா ஒன்றின் பெயரை வாய் தவறியும் சொல்லக்கூடாது. விதியின் வலிமையைப் பற்றிய கதை அது. அதற்குமேல் நானும் இங்கே சொல்லப் போவதில்லை. 1960இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் அது நடந்துகொண்டிருந்தபோது லியோனார்ட் வாரன் என்ற பெரும் பாரிடோன் பாடகர் மேடையிலேயே விழுந்து இறந்தார். அதற்கும் முன்னாலிருந்தே அந்த ஓபராவுக்கு ராசி இல்லாத பெயர்தான். சுற்றிலும் பழுத்த கலைஞர்கள் இருக்கும் வீட்டில் வாயைக் கட்டி வைப்பது மரியாதை!

மெட்ரோவின் சிவப்புப் பாதையில் புவனரோத்தி நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் எதிரில் வெர்டியே நிற்கிறார். சிற்பி என்ரிக்கோ புத்தி செய்த வெண்கலச் சிலை, 1913இல் திறந்தது. அதற்குப் பின்னால் கூர்முனை வளைவு ஜன்னல்களும் செங்கல்லுமாக ஒரு மாளிகை. முதுமை இல்லம் என்றால் மனதில் எழும் எந்தச் சித்திரத்தோடும் இது பொருந்தாது. இதைக் கட்டிய கமில்லோ போய்த்தோ கட்டடக் கலைஞர் மட்டும் அல்லர், நல்ல கதாசிரியரும் கூட. அவர் எழுதிய ‘சென்ஸோ’ என்ற குறுநாவலைத்தான் பின்னாளில் இயக்குநர் விஸ்கோந்தி திரைப்படமாக எடுத்தார். கமில்லோவின் தம்பி அர்ரிகோ போய்த்தோதான் வெர்டியின் கடைசி இரண்டு ஓபராக்களுக்கும் வரிகள் எழுதியவர். தம்பி பாட்டு எழுதிக் கொடுத்தார், அண்ணன் வீடு கட்டிக் கொடுத்தார்!

வெர்டி இந்த நிலத்தை வாங்கியது 1889இல். அப்போது இது ஊருக்கு வெளியே கிடந்த வெற்று நிலம். பத்து வருடத்தில் கட்டடம் எழுந்து நின்றது. ஆனால் அவர் கதவைத் திறக்கவில்லை. தன் காலத்துக்குப் பிறகே விருந்தினர்கள் வரட்டும் என்றார். ஏன் தெரியுமா? உள்ளே வருகிறவர்கள் தன்னிடம் வந்து நன்றி சொல்லி நெகிழ்வதை அவரால் தாங்க முடியாது என்பதற்காக! எனக்கு இந்த ஒரு சேதி போதும், அந்த மனிதரைக் காலமெல்லாம் கொண்டாட. தன் படைப்புகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இந்த வீடுதான் என்று ஒரு சிற்பிக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ‘ரிகொலெத்தோ’, ‘லா த்ராவியாத்தா’, ‘ஐடா’ எல்லாம் எழுதிய கை அப்படி எழுதியது! அதிர்ஷ்டம் கைகொடுக்காத பாடகர்களுக்காகவும், சம்பாதித்ததைச் சேர்த்து வைக்கத் தெரியாதவர்களுக்காகவும் கட்டியது என்று அந்தக் கடிதத்திலேயே காரணமும் எழுதினார். சேர்த்து வைக்கத் தெரியாதது தண்டிக்க வேண்டிய குற்றம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை பெரிய மனசு!

உள்ளே நுழைந்ததும் பாடகிகள் நேரே அரங்கத்துக்குப் போவதில்லை. என் தோழியும் போகவில்லை. முற்றத்தைக் கடந்து எதிர்ப்புறத்துக்கு நடந்தாள். அங்கேதான் வெர்டியும் அவர் மனைவி ஜூசெப்பினா ஸ்ட்ரெப்போனியும் உறங்குகிறார்கள். லுதோவிக்கோ போலியாகி வரைந்து கொடுத்த பொன்னும் வண்ணமுமான மொசைக் சுவர்கள் நடுவே இரண்டு கல்லறைகள். ஸ்ட்ரெப்போனி யார் என்று தெரிந்தால் உங்களுக்கும் மெய் சிலிர்க்கும். 1842 மார்ச் 9ஆம் தேதி மிலானின் லா ஸ்காலா அரங்கில் ‘நபுக்கோ’ முதன்முதலாக மேடையேறியபோது அபிகாய்லே பாத்திரத்தைப் பாடியவர் அவர். குரலைக் கசக்கிப் பிழிந்துவிடும் பாத்திரம் அது. அப்போதே அவர் தொண்டை களைத்துப்போயிருந்தது. முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே மேடையை விட்டு, பாரிஸில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். குரல் போன பாடகியின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை வெர்டி தினமும் சாப்பாட்டு மேசைக்கு எதிரிலேயே பார்த்தவர். இந்த வீட்டின் அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

1901 ஜனவரி 27ஆம் தேதி மிலானில் ஒரு ஓட்டல் அறையில் வெர்டி இறந்தார். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் வண்டிச் சத்தம் கேட்காமல் இருக்க வெளியே தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். என் இறுதி ஊர்வலத்தில் பாட்டும் வேண்டாம் வாத்தியமும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே அடக்கம் செய்தார்கள். ஆனால் அடுத்த மாதம் இருவருடைய உடல்களையும் பொது மயானத்திலிருந்து இந்த வீட்டுக்கு மாற்றியபோது ஊர் அடங்கவில்லை. தெருக்களில் லட்சக்கணக்கில் ஜனம். சுமார் 800 பேர் கொண்ட பாடகர் குழுவை இளம் அர்த்தூரோ டொஸ்கானினி நடத்த, ‘நபுக்கோ’வின் புகழ்பெற்ற அடிமைகள் பாட்டு எழுந்தது. ஸ்ட்ரெப்போனி முதல் இரவில் பாடிய அதே ஓபராவின் பாட்டு!

தோழி கல்லறைக் கிராதியைத் தொட்டுவிட்டு, உதடு மூடியபடி ஒரு ஸ்வரத்தை முனகிப் பார்த்தாள். வேண்டுதல் அவ்வளவுதான். பிறகு மாடி ஏறினோம்.

அந்த வீட்டின் கச்சேரிக் கூடத்தைப் பற்றிச் சொல்வதற்குமுன், கூடத்தைத் தயார் செய்யும் கலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரும் எனக்குச் சொல்லித்தராத விஷயங்கள்! மேடை உயரம் இல்லை. பாடகி நிற்கும் தரையும் ரசிகர் உட்காரும் தரையும் ஒன்றே. முதல் வரிசையில் சில நாற்காலிகளை எடுத்துவிடுகிறார்கள், சக்கர நாற்காலிகள் வந்து நிற்க. நடை வண்டிகளுக்குச் சுவரோரம் இடம். விளக்கை அணைப்பதில்லை, வயதான கண்ணுக்கு இருட்டில் வழி தெரியாது, பாடுகிறவளின் வாயசைவும் தெரியாது. வாயசைவு ரொம்ப முக்கியம். காது மந்தமானவர்கள் பாதிப் பாட்டைக் கண்ணால்தான் கேட்கிறார்கள்.

காது கேட்கும் கருவிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஸ்தாயிச் சத்தங்கள். கருவியோ பேச்சுச் சத்தத்துக்காகச் செய்தது. சோப்ரானோ ஒரு உச்ச ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினால், அதைத் தன் சொந்த விசில் சத்தம் என்று கருவி நினைத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும்; அப்போது அந்த ஸ்வரம் காதுக்குள் நடுங்கிப் பிசகும். சுருதி சுத்தமாக நிற்கும் பாடகி, கேட்கிறவர் காதில் மட்டும் சுருதி விலகிக் கேட்பாள்! இதனால் கருவியில் இசைக்கென்று தனி அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியைப் பியானோவுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்கிறார்கள். பியானோ மூடியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்ட ஒரு பெரியவரை நான் கண்ணாரப் பார்த்தேன். அதிர்வு கை வழியாக ஏறுகிறது!

சுருதி என்றதும் அந்த வீட்டில் எவரைக் கேட்டாலும் ஒரு கதை உண்டு. இன்று உலகம் முழுக்க ‘ஏ’ ஸ்வரத்தை விநாடிக்கு 440 அதிர்வுகள் என்று வைக்கிறார்கள். பல ஆர்கெஸ்ட்ராக்கள் அதற்கும் மேலே ஏறிவிட்டன. சுருதி இப்படி ஏறுவது வெர்டிக்கு அந்தக் காலத்திலேயே பிடிக்காது. சுருதி ஏற ஏறப் பாடகர் தொண்டைதான் கிழியும் என்று வாதாடினார். 1884இல் இத்தாலிய அரசின் இசைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் 432ஐ ஆதரித்தார். பாடகருக்காகச் சுருதி இறக்கச் சொன்னவர் பாடகருக்காக வீடும் கட்டினார். இரண்டும் ஒரே அக்கறைதான்.

இப்போது ஒத்திகை. கச்சேரிக்கு முந்தைய ஒரு மணி நேரம், கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். பியானோவில் முதல் ஸ்வரம் விழுந்ததுதான் தாமதம், கதவு மெல்லத் திறந்தது. ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். கைத்தடிகள் தரையில் தட்டும் சத்தம். வருடக்கணக்காக ஒத்திகைக்குப் போனவர்கள் அல்லவா, பியானோ சத்தம் கேட்டால் கால் தானாக நடக்கிறது!

தோஸ்தியின் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரான்செஸ்கோ பாவ்லோ தோஸ்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வீட்டுக் கூடங்களை மயக்கிய பாட்டுக்காரர். விக்டோரியா மகாராணியின் குடும்பத்துக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். இத்தாலியில் பாட்டுப் படித்த எவருக்கும் அவர் பாட்டு மனப்பாடம். என் தோழி இரண்டாவது வரியின் நடுவில் மூச்சு வாங்கினாள். தாளில் அந்த இடத்தில் அவள் ஆசிரியர் பென்சிலால் ஒரு காற்புள்ளி போட்டிருந்தார். மூச்சுக்கு அதுதான் அடையாளம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு விரலை உயர்த்தினார். எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு பியானோவுக்கு வந்தார். சுத்தமாக வாரி முடிந்த வெள்ளைக் கூந்தல், உதட்டில் சிவப்புச் சாயம், கழுத்தில் முத்து. “பென்சில் இருக்கா, கண்ணு?” என்று என்னைத்தான் கேட்டார். கொடுத்தேன். பின்பக்கத்து ரப்பரால் அந்தக் காற்புள்ளியை அழித்தார். இரண்டு ஸ்வரம் தள்ளி, ஒரு வார்த்தையின் முடிவில், புதிதாக ஒரு காற்புள்ளி போட்டார். கை நடுங்கியது, குறி மட்டும் பிசகாமல் விழுந்தது. “இங்கே வாங்கினா, சொல்லை உடைக்க வேண்டாம்” என்றார். “அவ்வளவு தூரம் மூச்சு நிக்குமா, சிஞ்ஞோரா?” என்று தோழி பயந்தாள். அம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் விலா எலும்பின் கீழே வைத்துக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். வயிறும் முதுகும் ஒருசேர விரிந்ததை அவள் கை உணர்ந்திருக்க வேண்டும், கண் அகல விரிந்தது! பாட்டுக் குரல் போய்விட்டது, மூச்சு இன்னும் முழுசாக அங்கேயே இருக்கிறது.

மறுபடி பாடினாள். வரி உடையாமல் வந்தது. ஜன்னலோரத்தில் ஒரே ஒரு தலையசைப்பு. டிசம்பர் சீசனில் முன்வரிசை வித்வான் ஒருவர் தொடையில் தட்டும் தாளத்தை மேடையில் இருக்கிற பாடகர் ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள் என் தோழி.

இந்தப் பாடம் கச்சேரி நாளுக்கு மட்டும் உரியது இல்லை. 1990களின் கடைசியிலிருந்து இந்த வீட்டில் இளம் இசை மாணவர்களும் குடியிருக்கிறார்கள். மிலான் இசைக் கல்லூரியிலும் லா ஸ்காலா அகாதமியிலும் படிக்கும் பிள்ளைகள், குறைந்த செலவில் அறை எடுத்துத் தங்கி, அதே உணவுக்கூடத்தில் பெரியவர்களோடு சாப்பிடுகிறார்கள். நடைபாதையில் இருபது வயதுப் பையன் வயலின் பெட்டியோடு ஓடுகிறான், எதிரே எண்பது தாண்டிய ஆர்கெஸ்ட்ராக்காரர் நடைவண்டியோடு வருகிறார், இருவரும் நின்று ஒரு வில் வீச்சைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, யாரும் யாருக்கும் சேவை செய்வதாக நினைத்துக்கொள்வதில்லை. பையனுக்குப் பாடம் கிடைக்கிறது, பெரியவருக்குத் தொழில் தொடர்கிறது.

இன்னொரு விஷயம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1832இல், பதினெட்டு வயதில், கிராமத்திலிருந்து கிளம்பி வந்து மிலான் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார் வெர்டி. சேரும் வயதைக் கடந்துவிட்டாய், பியானோவில் கை வைக்கும் விதமும் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அந்தக் கல்லூரிக்கு இன்று வெர்டியின் பெயர்தான். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் வீட்டில்தான் சோறும் படுக்கையும்!

சரி, பாடகியின் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். கண்ணாடிக்கு முன்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? தண்ணீர் பாட்டிலில் ஒரு உறிஞ்சுகுழலைப் போட்டு, அதன் வழியாக ஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தாள். பாட்டில் முழுக்க குமிழி! குரல் நாண்களுக்கு அதிக அழுத்தம் கொடுக்காமல் சூடேற்றும் வழி இது. இன்று பாட்டு ஆசிரியர்களும் குரல் மருத்துவர்களும் பலர் சொல்லிக்கொடுப்பது. பிறகு உதட்டைப் படபடவென்று அதிரவிட்டபடி மேலும் கீழும் ஏறி இறங்கினாள். பியானோக்காரர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே இசைத்தாள்களின் மூலைகளை மடித்தார். புரட்டும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. எனக்குக் கை வேர்த்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் கச்சேரிக்குரிய உடையில்! கோட்டு, கழுத்துப்பட்டை, ப்ரோச், பளபளக்கும் காலணி. கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்கு வருவதற்கு இவ்வளவு அலங்காரம். லா ஸ்காலாவுக்குப் போவதுபோலத்தான் வந்திருந்தார்கள்.

கச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், இடைவேளை கிடையாது. நீண்ட நேரம் உட்காருவது முதுகுக்கு ஆகாது. பெல்லினி, தோஸ்தி, பிறகு வெர்டி. தோஸ்தி வந்ததும் கூடம் உயிர்பெற்றது. உதடுகள் அசையத் தொடங்கின, ஒவ்வொன்றாக, வரிசை வரிசையாக. சத்தம் இல்லாமல் எல்லோரும் கூடப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அவர்களும் மூச்சு வாங்கினார்கள். புதுக் காற்புள்ளியில், சரியாக, அறையே ஒரு மூச்சு இழுத்தது! என் கையில் தாள் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

நடுநடுவே மெல்லிய முனகல் எழும். கூர்ந்து கேட்டால் பெண்களின் முனகல் ஒரு ஸ்தாயி கீழே. வயதானால் பெண் குரல் கனத்து இறங்கும். ஆண் குரல் நாண்கள் மெலிந்து குரல் கொஞ்சம் ஏறும். சோப்ரானோவாக இருந்த அம்மாளும் பாஸ் பாடகராக இருந்த ஐயாவும் ஒரே இடத்தில் வந்து சந்தித்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் ‘ஒதெல்லோ’. 1887இல், எழுபத்துமூன்று வயதில் வெர்டி அரங்கேற்றியது. நான்காம் அங்கத்தில், சாவதற்குச் சற்று முன் தெஸ்திமோனா பாடும் வில்லோ மரப் பாட்டு. அது தொடங்குமுன் ஆர்கெஸ்ட்ராவில் இங்கிலீஷ் ஹார்ன் தனியாக ஒரு ராகத்தை இழைக்கும். எங்களிடம் ஹார்ன் இல்லை, பியானோவே அதையும் வாசித்தது. சட்டென்று இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஒரு பெரியவர், கண் மூடியிருக்கிறது, இரண்டு கைகளும் முழங்காலுக்கு மேலே காற்றில் ஒரு குழலைப் பிடித்திருக்கின்றன, விரல்கள் இல்லாத துளைகளை மூடித் திறக்கின்றன. ஒரு ஸ்வரம்கூட விடாமல்! அவர் எந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார், எத்தனை இரவு இந்த இடத்துக்காகக் காத்திருந்து தன் வாத்தியத்தை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. விரல்களுக்குத் தெரிந்திருந்தது. பியானோக்காரர் அவரைப் பார்த்துவிட்டார். அவர் விரல் வேகத்துக்குத் தன் வேகத்தை இறக்கினார். அன்று அந்த ராகத்தை நடத்தியவர் அந்தப் பெரியவர்தான்.

முடிந்ததும் கைதட்டல். கைதட்ட முடியாதவர்கள் நாற்காலிக் கையைத் தட்டினார்கள். மறுபடி ஒரு பாட்டு என்று குரல்கள். எந்தப் பாட்டு என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள், எந்தச் சுருதியில் என்பதையும்!

அதற்குப் பிறகுதான் உண்மையான நிகழ்ச்சி. பாடகியைச் சுற்றிக் கூட்டம். உச்ச ஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டிப் பிடி என்று ஒருவர். இல்லை, அப்படியே விடு, அதுதான் அழகு என்று இன்னொருவர். அந்தப் பாட்டை நான் பாடியபோது என்று தொடங்கி, ஊர், அரங்கம், நடத்துனர், அன்று கழன்று விழுந்த ஒட்டுமுடி வரைக்கும் ஒரு கதை. ஒருவர் கதையை மற்றவர் திருத்துகிறார். விமர்சனம் காரசாரமாக இருக்கிறது, ஆனால் யாரும் அவளைக் குழந்தையாக நடத்தவில்லை. சக தொழிலாளியாக நடத்தினார்கள். அவளுக்குக் கிடைத்த மரியாதை அதுவே.

இந்தக் குதூகலத்தைத்தான் சுவிட்சர்லாந்து இயக்குநர் டானியல் ஷ்மிட் 1984இல் ‘தோஸ்காவின் முத்தம்’ என்ற ஆவணப்படத்தில் பிடித்து வைத்தார். முழுக்க இந்த வீட்டில் எடுத்தது. சாரா ஸ்குதேரி என்ற முன்னாள் சோப்ரானோ, எழுபது தாண்டிய வயதில், நடைபாதையில் சக பாடகர் ஒருவரை ‘தோஸ்கா’ ஓபராவின் நாயகியாக நின்று கத்தியால் குத்திக் கொல்கிறார். அந்த வேகம், அந்தப் பார்வை! பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். அந்தப் படத்தின் பொறியில் பிறந்ததுதான் ரொனால்ட் ஹார்வுட் எழுதிய ‘குவார்ட்டெட்’ நாடகம். 2012இல் டஸ்டின் ஹாஃப்மன் அதைத் திரைப்படமாக்கினார். அதில் மேகி ஸ்மித்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முதியவர்களில் பலர் நிஜமான இசைக் கலைஞர்கள். அருமையான படம்தான். ஆனாலும் அசல் வீட்டைப் பார்த்தபின் நான் ஸ்குதேரி பக்கம்.

இவ்வளவும் எந்தப் பணத்தில் நடக்கிறது? வெர்டி தன் ஓபராக்களின் உரிமைத்தொகையை இந்த வீட்டுக்கு எழுதி வைத்தார். உலகத்தில் எங்கே ‘லா த்ராவியாத்தா’ நடந்தாலும் இங்கே ஒரு தட்டில் சாப்பாடு விழுந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்த உரிமைக் காலம் முடிந்தது. இப்போது அறக்கட்டளையின் சொத்து வருமானம், நன்கொடைகள், விருந்தினர்கள் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து தரும் பங்கு ஆகியவற்றில் ஓடுகிறது. ஒரு கலைஞன் செத்து நூறு வருடத்துக்கும் மேலாகத் தன் சகாக்களுக்குக் கூரையாக நிற்பதை நான் வேறெங்கும் இந்த அளவில் பார்த்ததில்லை. பென்சிலும் பியானோவும் எட்டுகிற தூரத்தில் இருந்தால் ஒரு கலைஞருக்கு ஓய்வு என்பதே கிடையாது என்று அந்த வீட்டில் ஒவ்வொரு அறையும் சாட்சி சொல்கிறது. வெர்டி தன் படைப்புகளில் இதையே சிறந்தது என்றாரே, அது தன்னடக்கத்தில் சொன்ன வார்த்தை என்று முன்பு நினைத்திருந்தேன். இல்லை. சரியான தீர்ப்பு.

மிலானுக்குப் போகிறவர்கள் தேவாலயக் கூரையையும் லா ஸ்காலாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சிவப்பு மெட்ரோவில் ஏறி புவனரோத்தியில் இறங்குங்கள். வெர்டியின் கல்லறையைப் பொதுமக்கள் பார்க்கலாம். கூடத்தில் கச்சேரி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. இடம் கிடைத்தால் பின்வரிசையில் உட்காருங்கள். முன்வரிசை அந்த வீட்டுக்காரர்களுக்கு உரியது.